மண்டூர் எடுப்பான்

மூன்று எடுப்பான்கள் இருக்க வேண்டும். ஒன்றுதான் இருக்கிறது. பிறகு செய்தி வரிசை ஏன் இந்த வேகத்தில் குறைகிறது?

பரீனா இதை வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்க அறையில் ஆளும் இல்லை. கடலோர வாவியைப் பார்த்த பழைய வீடொன்றின் முன்னறைதான் அலுவலகம். நடுப்பகல் வெயிலில் கரைச் சேறு காய்ந்து வீசும் நாற்றம், அழுகிய பாசியும் இறால் தோலும் அவற்றுக்கடியில் பெயர் சொல்ல அவள் விரும்பாத இன்னொன்றும் சேர்ந்த நாற்றம், ஜன்னல் கம்பிகளுக்கிடையே புகுந்து, மின்விசிறியில் அரைபட்டு, அவளுடைய தேநீர்க் கோப்பையின் விளிம்புவரை வந்து படிந்தது. வாவியில் ஆட்கள் பிணமாக மிதக்கத் தொடங்கிய மாதத்தோடு அவள் மீன் தின்பதை விட்டிருந்தாள். நாற்றத்தை விட முடியவில்லை.

சண்டையில் திசைக்கொருவராகப் போனவர்களுக்கு அவர்களுடைய சொந்தங்களின் செய்தியைச் சேர்ப்பது அலுவலகத்தின் வேலை. அகதி முகாமில் இருப்பவர்கள் காகிதத் துண்டில் எழுதிக் கொடுப்பார்கள்: பெறுபவரின் பெயர், இருக்குமிடம், இரண்டு வரி. பரீனா அதை அலுவலகக் கணினியான சேர்வரில் ஏற்றுவாள். செய்தி வரிசையில் நிற்கும். மண்டூரிலும் பனிச்சங்கேணியிலும் செட்டிபாளையத்திலும் ஆளுக்கொரு லெப்டொப் கணினியுடன் மூன்று ஊழியர்கள் இருந்தார்கள். அந்த இயந்திரங்கள் தொலைபேசி வழியாக இணைந்து, தத்தம் ஊருக்கான செய்திகளை ஒவ்வொன்றாக எடுக்கும். ஊழியர் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பார். அவற்றுக்குப் பரீனா வைத்த பெயர் எடுப்பான்கள்.

எடுப்பான்கள் திரையிலிருந்து மறைவது புதிதல்ல. லைன் அறுந்தால் மறையும், வந்தால் தோன்றும். ஆனால் வெள்ளிக்கிழமை மறைந்த பனிச்சங்கேணி திரும்பவில்லை. சனிக்கிழமை செட்டிபாளையமும் போனது. அழைத்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மண்டூர் ஊழியர் அழகரத்தினத்தின் தொலைபேசியை மட்டும் ஒரு தடவை யாரோ எடுத்தார்கள். பேச்சில்லை. வாயைத் திறந்து வைத்தபடி எதையோ மெல்லும் ஈரச் சத்தம். பரீனா ரிசீவரை வைத்துவிட்டு முந்தானையால் காதைத் துடைத்தாள்.

பொறுப்பாளர் வினாயகமூர்த்தி கொழும்பிலிருந்து தொலைபேசியில் அழைத்தபோது மகிழ்ச்சியாக இருந்தார்.

"முன்னூறு கிடந்தது, இப்ப அறுபது. மண்டூராருக்கு ஒரு மாலை போடோணும்."

"சேர், இண்டைக்கு விடியத்திலயிருந்து நிமிசத்துக்கு ஒண்டு போகுது. சைக்கிள்ல ஒருவர் எப்பிடி..."

"பரீனா, வேலை நடக்கேக்க பிழை தேடக்கூடாது."

அவளுக்கும் மூன்று நாட்களாக அந்தக் குறையும் இலக்கம் பிடித்திருந்தது. தான் செய்த பொறி ஓடுவதைப் பார்க்கும் சுகம். இப்போது எடுபட்ட செய்திகளின் ஊர்களைப் பார்த்தாள். வாவியின் தெற்கு மூலையிலிருக்கும் மண்டூர், வடக்கே நெடுந்தொலைவிலுள்ள பனிச்சங்கேணிக்காரர்களின் பெயர்களையும் எடுத்திருந்தது. அந்தச் சுகம் நாக்கில் புளித்தது.

கொடுத்தார்களா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. அதுவும் அவள் செய்ததுதான். ஊழியரிடமிருந்து பதில் வராவிட்டால் செய்தி மறுபடி வரிசைக்குத் திரும்பும்படிதான் முதலில் அமைத்திருந்தாள். மழைக்காலத்தில் பதில்கள் வழியிலேயே அறுந்தன. ஊழியர்கள் அடிக்கடி மாறிய காலம் அது, புதிது புதிதாக ஆள் கொண்டுபோனதில், செட்டிபாளையத்தில் ஒரு தாய்க்கு மகள் செத்த செய்தி மூன்று தடவை போனது. மூன்றாம் தடவை அவள், "எத்தின மகள்மார் எனக்கு?" என்று கேட்டாளாம். அன்றே பரீனா பதில் கேட்பதை நிறுத்தினாள். எடுத்தால் செய்தி அழிந்துவிடும். இரக்கத்தில் செய்த வேலை.

இப்போது அதைப் பழையபடி மாற்றினாள். இனி எடுப்பவர் பதில் எழுத வேண்டும்.

அழகரத்தினம் பதில் எழுதினால் வாசிக்க ஆசையாக இருக்கும். 'மாமியாரிடம் கொடுத்தேன், தேத்தண்ணி தந்தா, சீனி காணாது.' அப்படித்தான் எழுதுவார்.

முதல் பதில் வந்தது.

வந்துவிட்டார்.

ஒரு நிமிடம் கழித்து இன்னொன்று.

வந்துவிட்டார்.

கொடுத்தேன் என்றில்லை. எங்கே வந்தார்? மூன்றாவது பதில் சற்று நீளமாக இருந்தது.

இவரும் வந்துவிட்டார். பிள்ளையும் கூட.

வெளியே அலுவலக வான் வண்டி வந்து நின்றது. ஊழியர்களைத் தேடி விடியற்காலை போன சாரதி அஹமட், யூரியாப் பை ஒன்றைக் கைநீட்டித் தூரப் பிடித்தபடி உள்ளே வந்தான்.

"மிஸ், மூக்கப் பொத்திக்கொள்ளுங்க."

பையை மேசையில் கவிழ்த்தான். கறுப்புச் சேற்றோடு ஒரு லெப்டொப் வழுக்கி விழுந்தது. கீல் முறிந்து, மூடி பாதி திறந்திருந்தது. விசைகளின் இடுக்கெல்லாம் சளி போன்ற பசை. அதில் நீளமாக நாலைந்து தலைமயிர். மின்கலப் பற்றரி இருந்த குழியில் நத்தைகள் ஒன்றின்மேல் ஒன்றாக அப்பியிருந்தன.

"அழகரத்தினத்தாரட லெப்டொப். வியாழக்கிழமையே மீன்காரன்ட வலையில ஏறினதாம். பயத்தில ஒளிச்சு வச்சிரிக்கான்."

"அவரு?"

"இது மட்டுந்தான்." அஹமட் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "செட்டிபாளையத்தில நம்மட செய்தி போற மூணு வீட்டுக்கும் போனன், மிஸ். மூணிலயும் ஆளில்ல. சோத்துக் கோப்பைய வச்சிட்டு எழும்பி, வாவிப் பக்கம் நடந்தாங்களாம். கூப்பிடக் கூப்பிடத் திரும்பல்லயாம்."

அதற்குமேல் அவனால் நிற்க முடியவில்லை. கிணற்றடியில் அவன் வாளி வாளியாக நீரள்ளிக் கை கழுவுவது கேட்டது.

பரீனா திரையைப் பார்த்தாள்.

மண்டூர்: இணைந்துள்ளது.

மேசையைப் பார்த்தாள். வயரில்லை. பற்றரியில்லை. நத்தைகள்.

சேர்வரிலிருந்த தொலைபேசிக் கம்பியைப் பிடுங்கினாள். பச்சை விளக்கு அணைந்தது. இலக்கம் நிற்கவில்லை. ஒன்பது. எட்டு. இப்போது இடையில் ஒரு நிமிடம்கூட இல்லை. நான்கு. ஒன்று. வெற்று வரிசை.

அதன்பின் திரையில் ஒரு வரி.

அடுத்தவர்?

மேசையில் சின்னச் சத்தம். சேறு பிதுங்கும் சத்தம். லெப்டொப்பின் விசைகள், யாரும் தொடாமல், ஒவ்வொன்றாக அமிழ்ந்து எழுந்தன.

அடுத்தவர்?

"புள்ள!"

வாசலில் இரத்தினம்மா. ஒரு வருடமாக முகாமிலிருந்து நாள்தோறும் வந்து, மகன் இளையதம்பியைப் பற்றி ஏதும் உண்டா என்று கேட்டுவிட்டு, இல்லை என்பதை வாங்கிக்கொண்டு போகிறவள். இன்று சிரித்தாள். அவளுக்கு முன்பல் இல்லை என்பதே பரீனாவுக்கு இன்றுதான் தெரிந்தது.

"என்ட மகன் இரிக்கான் புள்ள! ஒளிச்சிரிக்கிற இடமும் தெரியும். எனக்கு மட்டுந்தான் தெரியும். அம்மா இரிக்கன் எண்டு ஒரு வரி போட்டுடு." மூக்கைச் சுருக்கினாள். "என்ன கா இது, ஆரு கருவாட்டத் தண்ணியில போட்ட?"

சேலைத் தலைப்பிலிருந்து காகிதத் துண்டை அவிழ்த்து மேசையில் வைத்தாள்.

லெப்டொப்பிலிருந்து வழிந்த நீர் அதுவரை மேசையின் சரிவில் ஓடிக்கொண்டிருந்தது. நின்றது. திரும்பியது. சரிவில் மேலேறி, துண்டை நோக்கி, விரல் அகலத்தில்.

பரீனா துண்டைப் பறித்தாள். ஒளிக்க இடம் தேடினாள். எல்லா இடமும் நனைந்துதான் இருந்தது. வாயில் போட்டாள். வெற்றிலைக் காறல், வியர்வை, அதற்கடியில் வாவி. மென்றாள். விழுங்கினாள்.

இரத்தினம்மாவின் சிரிப்பு அப்படியே முகத்தில் காய்ந்தது.

"விசரா கா உனக்கு? தின்ன வேற ஒண்டும் கிடைக்கல்லயா?"

"இண்டைக்கு ஏலாதும்மா. போங்க."

"உன்ட பிள்ளையெண்டா இப்பிடிச் செய்வியா?" குரல் உடைந்தது. பிறகு நிமிர்ந்தாள். "சரி. பேப்பரத் தின்னலாம். என்ட வாயில இரிக்கிறத என்ன செய்வ? எழுது. இளையதம்பி. மண்டூருக்கு அங்கால, வயல் வட்டைக்குள்ள..."

விசைகள் நின்றன.

எல்லாம். பாதி அமிழ்ந்தது அமிழ்ந்தபடி. நீரும் நின்றது. கீல் முறிந்த மூடி, சொட்டுச் சொட்டாகச் சேறு வழிய, இன்னும் கொஞ்சம் திறந்தது. காது கொடுப்பதுபோல.

இரத்தினம்மா அடுத்த சொல்லுக்கு மூச்செடுத்தாள். பரீனா தன் கைகளை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்தாள். பிறகு எழுந்து, ஒரு கையை நீட்டி, அந்தத் தாயின் முன்பல்லில்லாத, சூடான வாயைப் பொத்தினாள்.

"சொல்லாதீங்கம்மா," என்றாள் மெதுவாக. "நான் எழுத மாட்டன்."