எண்பத்தொரு திருத்தங்கள்

செவ்வாயின் ஏழாம் குடியிருப்பில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லோருடைய தாடையும் அதிரும். "இருக்கீங்களா?" என்று எலும்புக்குள் ஒரு குரல் கேட்கும். "இருக்கேன்" என்றால் அறைக்குள் அடுத்த தவணைக் காற்று வரும். "வெளியே போறேன்" என்றால் காற்று அடைபடும். பல் துலக்கியபடியே, சண்டை போட்டபடியே, தூக்கத்திலும்கூடப் பதில் சொல்லப் பழகியிருந்தார்கள்.

இந்தக் குரல்களை இணைக்கும் அழைப்பகத்துக்குக் கயற்கண்ணி பொறுப்பு. பூமியில் யார் யாரோ கூடி எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று கொடுத்த மென்பொருள் அது. அதில் ஓர் ஓட்டை. நுழைகிறவன் யார் குரலிலும் பதில் சொல்லலாம். அதை அடைக்கும் திருத்தம் வந்து ஐந்து மாதமாகிறது. நேற்று நான்காம் குடியிருப்பில் எவனோ, தூங்கிக்கொண்டிருந்தவர்களின் குரலில் "வெளியே போறேன்" என்றிருக்கிறான். பதினொரு பேர் எழுந்திருக்கவில்லை.

கயற்கண்ணியின் அக்கா இங்கேதான், பிரசவ அறையில் இருந்தாள். குழந்தைக்கு ஒன்பது நாள்.

"இன்னிக்காவது போட விடுங்கய்யா."

தலைவர் வேதமுத்து நெற்றியைத் தேய்த்தார். "ஒன்பது நிமிஷம் பேச்சு நிக்கும்ங்கிறே. ஜனங்க என்னைக் கிழிச்சுடுவாங்கம்மா. எல்லாரும் கேட்டுக்கிட்டிருக்கிற இந்தப் பந்தயம் முடியட்டுமே."

"நாலாம் குடியிருப்புலயும் இப்படித்தான் ஏதோ முடியட்டும்னு இருந்தாங்க."

அவள் அவரை எதிர்த்துப் பேசியது அதுவே முதல்முறை. சரி, போடு என்று அவர் கையசைத்தார்.

கட்டளையைத் தட்டினாள். 'இத்திருத்தம் ஏற்கெனவே போடப்பட்டுள்ளது' என்றது திரை.

அவள் பதிவேட்டைத் தோண்டினாள். இது மட்டுமல்ல, ஆறு ஆண்டுகளில் வந்த எண்பத்தொரு திருத்தங்களும் வந்த வாரமே போடப்பட்டிருந்தன. பேச்சு நிற்காமல், கூடம் கூடமாக. அவள் பார்க்கும் பட்டியலில் மட்டும் பழைய எண்களே தெரியும்படி யாரோ மறைத்திருந்தார்கள். போட்டவன் ஊழியனே அல்ல. அவன் இணைப்பை அழைத்தாள்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா? பரவாயில்லையே, ஆறே வருஷத்துல!" என்றது ஓர் ஆண்குரல். "சரக்குக் கப்பல்ல இருக்கேன். உங்க வழியாத்தான் ஓசியில வீட்டுக்காரிகிட்டப் பேசுறேன்."

"புகுந்தவர் எதுக்கு ஓட்டையை அடைச்சீங்க?"

"இன்னொருத்தன் வந்து குட்டையைக் குழப்பிட்டா நான் எப்படிப் பேசுறது? எனக்கு மட்டும் ஒரு சாவி வெச்சுக்கிட்டேன். நீங்களே போடுவீங்கன்னு மொதல்ல காத்திருந்தேன். அப்புறம் நம்பிக்கை போச்சு."

இணைப்பைத் துண்டித்துவிட்டு வேதமுத்துவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "அவன் நினைச்சா நம்ம எல்லார் காத்தையும் நிறுத்தலாம்யா. நான் ஒரே கட்டளை போட்டா அவனை வெளியேத்திடலாம்."

"வெளியேத்திட்டா அடுத்த திருத்தத்தை யாரு போடுவா?"

"நான் போடுறேன்."

"ஒவ்வொரு தடவையும் என்கிட்ட வந்து நிப்பே."

"நீங்க உடனே சரின்னா..."

கயற்கண்ணியின் விரல் விசைமேல் காத்திருந்தது. வேதமுத்து அதை மெல்ல விலக்கினார்.

"ஒன்பதாம் கூடத்துல ரெண்டு மாசமா குரல் கரகரங்குதாம்," என்றார். "அந்தக் கப்பல் தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிப் பாரேன்."