ஐந்தாவது வரி

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்த ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடிக்குப் போனேன். மூன்று கண்காணிப்புக் கருவிகளை ஓடவிட்டுப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொல்ல வேண்டும். இதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.

நோயாளிகள் அனுப்பும் செய்திகளை அங்கே நான்கு ஏஐ ஏஜென்டுகள், அதாவது தானாக இயங்கும் மென்பொருள்கள், கவனிக்கின்றன. ஒன்று வாசிக்கும், ஒன்று கேள்வி கேட்கும், ஒன்று 'அவசரம்' அல்லது 'காத்திருக்கலாம்' என்று முடிவெடுக்கும், ஒன்று பதில் போடும். எது என்ன செய்தது, ஏன் செய்தது என்று எழுதி வைப்பது கண்காணிப்புக் கருவியின் வேலை.

முன்பு 'காத்திருக்கலாம்' என்று வந்ததையெல்லாம் ஒரு நர்ஸ் அக்கா நெற்றியில் தலைவலித் தைலம் தடவிக்கொண்டு இதே அறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படிப்பார். ஒன்றுக்கு நான்கு நிமிடமாவது ஆகும். ஆள் வைத்துப் படிப்பது வீண், பத்தில் ஒன்றைப் பதிவு செய்தாலே போதும் என்று போன வருடம் எழுதிக் கொடுத்த மேதாவி நான்தான். அக்கா சண்டை போடவில்லை. பையை எடுத்துக்கொண்டே கேட்டார்.

"மீதி ஒம்பது பேர யாரு தம்பி பாப்பாங்க?"

நாலே மாதத்தில் அக்கா வீட்டிலேயே இறந்துபோனார். அன்று காலை இந்த ஆஸ்பத்திரிக்குத்தான் செய்தி அனுப்பியிருந்தார். பழைய செய்திகள் போனில் ஒரு வாரத்தில் தானாக அழிந்துவிடும். மனைவிக்கு என்ன பதில் போனது என்று கேட்டு, அக்காவின் கணவர் வாரம் தவறாமல் வந்துகொண்டிருந்தார். பதிவாகாத ஒன்பதில் அதுவும் ஒன்று. சனியன், அது கிடைத்துத் தொலைந்தால் என் கையெழுத்தும் வெளியே வருமே. கிடைக்காததில் எனக்கு உள்ளூர நிம்மதிதான்.

மூன்று கருவிகளையும் ஓடவிட்டேன். முதல் இரண்டு திரைகளிலும் ஏஜென்டுக்கு ஒன்றாக நான்கு வரிகள் தெரிந்தன. மூன்றாவதில் ஐந்து.

ஐந்தாவதற்குப் பெயர் இல்லை. 'காத்திருக்கலாம்' என்று வந்தவற்றை மட்டும் அது வாசித்துக்கொண்டிருந்தது. மற்றவை அரை நொடியில் முடிக்கும் வேலைக்கு இது நான்கு நிமிடம் எடுத்துக்கொண்டது. மூடிய அறையில் தலைவலித் தைலத்தின் வாடை லேசாகக் கிளம்பியது.

நான்கு ஏஜென்டுகளையும் நிறுத்தினேன்.

நான்கு வரிகளும் அணைந்தன.

ஐந்தாவது வாசித்துக்கொண்டேயிருந்தது.

அதன் பழைய பதிவுகளைத் திறந்தேன். அன்று காலைதான் நிறுவிய கருவி. அதில் போன வருடம் அக்கா இறந்த தேதி இருந்தது. 'நெஞ்சை அடைக்கிறது. இடது கை மரத்துப் போகிறது.' முடிவு: காத்திருக்கலாம். பதில்: மூன்று நாளில் அழைக்கிறோம். அதற்குக் கீழே ஒரே சொல்: 'படித்தேன்.'

மேனேஜர் எட்டிப் பார்த்தார். திரையை அவரும் பார்த்தார். எனக்கு அது சத்தியமாகத் தெரியும். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

"மூணாவது வேணாம். இல்லாததக் காட்டுது."

சரி சார் என்றேன். அந்தக் கருவியைப் பதிவோடு அழித்தேன். முதல் கருவியே போதும் என்று அங்கேயே அறிக்கை எழுதிக் கையெழுத்தும் போட்டேன். என் மானங்கெட்ட பிழைப்பு அப்படி.

மத்தியானம் கீழே கவுன்டரில் அக்காவின் கணவர் நின்றிருந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். அவர் கேட்பதற்கு முன்பே நான் சொல்லிவிட்டேன்.

"பதிவு எதுவும் இல்லீங்க ஐயா. நல்லாத் தேடிட்டேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"அப்போ காலையில இத யாரு தம்பி அனுப்புனது?"

போனை நீட்டினார். ஆஸ்பத்திரி எண்ணிலிருந்து வந்திருந்தது. அக்காவின் செய்தி, முடிவு, பதில், நான் எழுதிக் கொடுத்த பழைய பரிந்துரை, என் பெயர், எல்லாம் வரிசையாக இருந்தன.

அவர் கையிலேயே போன் மறுபடி அதிர்ந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுத்துக்கூட்டி எனக்கே படித்துக் காட்டினார்.

"'பதிவு எதுவும் இல்லீங்க ஐயா. நல்லாத் தேடிட்டேன்.' மணி ரெண்டு பதினேழு. கீழ 'படித்தேன்'னு போட்டிருக்கு."