மாங்கன்றுத் தோட்டத்தில் ஓர் அடுப்பு

1958 ஆனி மாதம், சாரல் விட்டுவிட்டுப் பெய்த ஒரு காலையில், ஜெபமலர் தாலுகா ஆபீஸ் நோட்டீசு ஒன்றுடன் தென்காசியில் ஆவுடைநாயகத்தின் வீட்டுக்கு வந்தாள். அவர் ஓய்வுபெற்ற ரெவின்யூ இன்ஸ்பெக்டர். நிலத் தகராறில் அவர் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது என்று ஊரில் பேச்சு.

குற்றாலம் சாலையோரம் பத்து சென்ட் சர்க்கார் நிலத்தை அவள் பயிர்க் குத்தகைக்கு எடுத்து, ஒட்டுமாங்கன்று வளர்த்து விற்றுவந்தாள். அதை விட்டால் பிழைப்பில்லை. தொழிலைப் பழக்கிய அப்பா ஏசுதாசன், முழங்கால் மடங்காமல் போனபிறகு ராயகிரியில் அவள் தம்பி வீட்டில் சௌக்கியமாக இருக்கிறார் என்றாள். சாரலால் பத்து நாளாக அவள் தோட்டத்துப் பக்கம் போகாதிருக்க, இப்போது அங்கே யாரோ அடுப்பு வைத்துச் சமைத்துக் குடியிருப்பதாகப் புகார். பக்கத்தில் கடை போட்டிருக்கும் தாணுமாலயன்தான் நிலத்தைப் பிடுங்க அடுப்பை வைத்துவிட்டுப் புகாரும் எழுதினான் என்று அடித்துச் சொன்னாள்.

"அடுப்பு எரிஞ்சா குத்தகை போயிருமா அண்ணாச்சி?" என்று கேட்டான் அவர் திண்ணையில் மனு எழுதும் வேல்சாமி. துப்புத் துலக்குவது என்றால் முதலில் செருப்பை மாட்டுகிறவன் அவன்.

"சர்க்கார் நெலத்த எதுக்கு வாங்குனோமோ அதுக்குத்தாம்லே வச்சிருக்கணும். பயிருக்கு ஒரு குத்தகை, குத்தாலச் சீசன் கடைக்கு வேற வாடகை. குடியிருக்க வீட்டுமனைன்னு தனியா மனுப் போடணும். பயிர் நெலத்துல குடித்தனம் பண்ணுனா திருப்பி எடுத்துக்கிடுவாங்க."

தோட்டத்துக்குப் போனதும் வேல்சாமி நேரே தாணுமாலயனிடம் போய்ச் சண்டை பிடித்தான். ஆவுடைநாயகம் நிதானமாகச் சுற்றிப் பார்த்தார். வாசல் பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. அடுப்பு தரையில் இல்லாமல், இடுப்பு உயரத்துக்கு அடுக்கிய செங்கல்மேல் இருந்தது. கன்றுகளின் அடியில் களை பறித்திருந்தது. தளர்ந்த ஒட்டுகளை யாரோ பதமாக மறுபடி கட்டியிருந்தார்கள்.

"தாணுமாலயன் இல்லலே," என்றார். "கெடுக்க வந்தவன் களை பறிப்பானா? வந்த ஆள்ட்ட சாவி இருக்கு. கீழ உக்கார முடியாததால அடுப்ப ஒசத்தி வச்சிருக்காரு. ஒட்டுக்கட்டவும் தெரியுது." பிறகு ஜெபமலரிடம் திரும்பினார். "ஒங்கப்பா ராயகிரியில இல்ல. அப்படித்தானம்மா?"

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தம்பி விரட்டிவிட்டதால் போன மாதம் அப்பா மூட்டையோடு வந்தாராம். புருஷன் முகம் சுளிப்பானென்று காப்பி கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டாளாம். இங்கே தங்கியிருப்பார் என்று தெரியாது, சௌக்கியம் என்று பொய் சொன்னது வெட்கத்தால்தான் என்று அழுதாள். வேல்சாமிக்குத் தாணுமாலயன் கடைப் பக்கம் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

அந்நேரம் தணிக்கைக்குப் புதிய ரெவின்யூ இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்து இறங்கினார். தண்ணீர்க் குடத்தோடு காலை இழுத்து இழுத்து ஏசுதாசனும் உள்ளே வந்தார்.

"யாருவே நீரு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

கிழவர் மகளை ஒருமுறை பார்த்தார். "வழிப்போக்கன்யா. மழைக்கு ஒதுங்குனேன். இந்தம்மா யாருன்னே எனக்குத் தெரியாது. போயிருதேன்."

இன்ஸ்பெக்டர் அதை அப்படியே எழுதி, சாட்சிக் கையெழுத்துக்கு நீட்டினார். ஆவுடைநாயகம் ஜெபமலரைப் பார்த்தார். அப்பா என்று அவள் சொன்னால் குடித்தனம் என்றாகி, குத்தகை போய்விடும். அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ பொய்யைப் பிடித்தவர், அந்தப் பொய்யின் கீழ் தன் பெயரை எழுதினார்.

கிழவர் மூட்டையை எடுத்துக்கொண்டு சாலையில் இறங்கினார். இனிமேல் கண்டவனையும் உள்ளே விடக்கூடாது என்று இன்ஸ்பெக்டர் ஜெபமலரை எச்சரித்தார்.

"சரிய்யா," என்றாள் அவள்.