யாருக்கு டிம் அடிக்கிறது?

எதிரே யாருமே இல்லாதபோது விளக்கு தானாக டிம் ஆனது.

பகல்தான். ஷட்டரை இறக்கிப் பட்டறையை இருட்டாக்கியிருந்தான் பல்பு. வண்டிகளுக்கு விளக்கு வேலை மட்டும் பார்க்கிறவன் என்று வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் அது. கோபம் வந்தாலும் கொஞ்சல் வந்தாலும் மனைவிகூட அப்படித்தான் கூப்பிடுவாள். மனைவியின் பைக்கில், முகப்பு விளக்குக்கு மேலே அவன் புதிதாக ஒரு சின்ன சர்க்யூட்டைப் பொருத்தியிருந்தான். எதிரே வண்டி வந்தால் அதன் வெளிச்சத்தை சென்சார் பார்க்கும், ரிலே என்ற குட்டி சுவிட்ச் 'டிக்' என்று ஒரு சத்தம் போடும், பிரைட் தாழ்ந்து டிம் ஆகும். வண்டி கடந்து போனதும் இன்னொரு 'டிக்', மறுபடி பிரைட். ஓட்டுகிறவர் கையே வைக்க வேண்டாம்.

இப்போது எதிரே இருந்தது காரை உதிர்ந்த சுவர் மட்டும்தான்.

இத்தனை பாடும் அவளுக்காகத்தான். கண் ஆபரேஷனுக்குப் பிறகு, எதிர் வண்டியின் பிரைட் பட்டால் அவளுக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரிவதில்லை. நாம் டிம் அடித்தால்தான் எதிரே வருகிறவனும் டிம் அடிப்பான், அது சாலை மரியாதை. அந்த டிம் சுவிட்சைக் கை தேடித் தடுமாறிய நேரத்தில்தான் ஒருமுறை அவள் சாலையை விட்டு இறங்கிக் கற்குவியலில் போய் விழுந்தாள். நாளை முதல் மறுபடி தனியாக வேலைக்குப் போகப் போகிறாள்.

சுவரில் பட்டுத் திரும்பும் தன் வெளிச்சத்தைப் பார்த்தே சென்சார் ஏமாறுகிறது என்று முதலில் நினைத்தான். அதன் முன்னால் ஒரு கறுப்புக் குழாயைச் செருகினான். டிக். டேப்பை இறுகச் சுற்றினான். டிக். கட்டைவிரலால் அழுத்தி மூடினான். பற்றவைத்த ஈயப்புகையின் நெடி இன்னும் அடங்காத அந்த இருட்டில், விரலுக்கடியில், எதையும் பார்க்க வழியில்லாத அந்தக் கண் யாரையோ பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

எரிச்சலில் ஒரு குறும்பு செய்தான். டிம் அடிக்காமல் வருகிறவனை எல்லோரும் அதட்டுவது போல, சுவிட்சைத் தட்டிச் சுவரின் மீது பளிச் பளிச்சென்று இரண்டு முறை வெளிச்சம் அடித்தான். "டிம் அடிய்யா! கண்ணு தெரியல!" என்று திட்டியும் வைத்தான்.

கையை எடுத்தான். டிக் டிக்.

ரிலேதான். தானாக. அவன் விளையாட்டுக்கு இரண்டு முறை அடித்ததற்கு, இரண்டு முறை பதில்.

ஷட்டரை யாரோ தட்டினார்கள். "ஏங்க, உள்ள யாரோட பேசிட்டிருக்கீங்க?"

"சுவரோட." ஷட்டரைத் தூக்கினான். மனைவி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"முடிஞ்சுதா இல்லையா? நாளைக்கு நான் வேலைக்குப் போகணும்."

"ஒரு சின்னக் கோளாறு. ரெண்டு நாள் பொறேன்."

"போன வாரமும் இதேதான் சொன்னீங்க. என்னை வீட்ல உக்கார வைக்கணும் உங்களுக்கு, அவ்வளவுதானே?"

"இருட்டட்டும். பின்னால ஏறு, ஒரு சுத்து போய்ப் பாத்துட்டு வருவோம்" என்றான்.

பொழுது சாய்ந்ததும் கிளம்பினார்கள். பெரிய சாலையில் சர்க்யூட் சொன்னபடி கேட்டது. லாரி வந்தது, டிக். லாரிக்காரரும் மரியாதையாக டிம் அடித்துக் கடந்தார், டிக். "பரவால்லையே பல்பு! கண்ணே கூசல!" என்று அவள் அவன் முதுகில் தட்டினாள். அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை. சுவருக்குப் போய்ப் பயந்தோமே என்று தன்னையே நொந்துகொண்டான்.

அவள் வேலைக்குப் போகும் ஏரிக்கரைச் சாலையில் திரும்பினான். ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் நாணல், தெருவிளக்கு எதுவும் கிடையாது. எஞ்சின் சத்தத்துக்கும் மேலே தவளைகள் விடாமல் கத்தின, பாசியின் குளிர்ந்த வாடை மூக்கில் ஏறியது, பிரைட் வெளிச்சம் வெகுதூரம் வரை வெறும் சாலையைக் காட்டியது.

டிக். டிம்.

"யாருக்குங்க டிம் அடிக்குது?"

"யாருக்குமில்ல. லூஸ் கனெக்ஷன்."

பிரைட் திரும்பவில்லை. எதிரே வருவது கடந்து போனால்தான் திரும்பும். அவனேதான் அப்படிச் செய்திருந்தான். ஒரு கையை நீட்டி சென்சார் வயரைப் பிடுங்கினான். பிடுங்கினால் எப்போதும் பிரைட்டில்தான் எரிய வேண்டும்.

டிம்மிலேயே எரிந்தது.

தவளைகள் நின்றுவிட்டிருந்தன. டிக் டிக்.

"ஏங்க, அவனை டிம் அடிக்கச் சொல்லுங்க. கண்ணு கூசுது."

"எவனை?"

"எதிர்ல வரானே!" அவள் விரல்கள் அவன் தோளில் அழுந்தின. "கிட்ட வந்துட்டான். எனக்கு ஒண்ணுமே தெரியலைங்க."

எதிரே இருட்டைத் தவிர எதுவும் இல்லை. பிரேக்கை மிதித்தான். வண்டி நின்றது. சாவியைத் திருப்பி உருவினான். விளக்கு அணைந்தது. எஞ்சின் அடங்கியது. கரண்டே இல்லாத கம்பிகளுக்குள்ளிருந்து கடைசியாக ஒரு சத்தம்.

டிக்.

கடந்தாயிற்று. அதற்கு அர்த்தம் அதுதான். "போயிடுச்சு" என்றான். "கண்ணைத் தொற. ஒண்ணுமில்ல, போயிடுச்சு."

தோளில் அவள் கை இல்லை.

ஸ்டாண்டைப் போட்டு இறங்கித் திரும்பினான். அவள் பின் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். அந்தக் கும்மிருட்டில் அவள் முகம் மட்டும், எதிர் வண்டியின் பிரைட் பட்டது போல, வெள்ளை வெளேரென்று வெளிச்சத்தில் இருந்தது. கண்கள் விரியத் திறந்திருந்தன. இமைக்கவில்லை. அந்த முகத்தின் மேல் ஒரு தலையின் நிழல்.

தன்னுடையது என்று நினைத்தான். மெல்ல ஓரடி விலகினான்.

நிழல் விலகவில்லை.

அப்படியே நின்றான். நிழல் தலையைச் சாய்த்து, அவள் கண்களுக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே போனது.