நெஞ்சுச் சூட்டில் வந்த தண்ணீர்

புட்டி சூடாக இருந்தது.

சிந்து நதியின் மேல்கோடியில், ஜனவரி நண்பகலிலும் மூச்சுக்காற்று மீசையில் உறைந்துபோகிற ஊரில், பனிக்கடியிலிருந்து எடுத்த ஆற்றுத் தண்ணீர் கைக்கு இதமாக இருக்கக் கூடாது. யங்டோல் அதைச் சட்டென்று மேசையில் வைத்தாள். ஆற்றின் நுண்ணுயிர்களை எண்ணிப் பதிவு செய்வது அவள் வேலை. உறைந்த ஆற்றின் அடியிலிருந்து தண்ணீர் கொண்டுவருவது, அக்காவை ‘அச்சே’ என்று கூப்பிடும் தம்பி நம்கைலின் வேலை. மூன்று நாள் நடை.

"பனிப்பெட்டியில வைன்னு சொன்னேனே! எதுலடா வெச்சுக் கொண்டுவந்த?"

"நெஞ்சுல." கனத்த அங்கியின் மார்பு மடிப்பைத் தட்டிக் காட்டினான். "பெட்டியில வெச்சா உறைஞ்சு வெடிச்சிடும், அச்சே. பொறந்த ஆட்டுக்குட்டியையே இதுக்குள்ள போட்டுத்தானே தூக்கிட்டு வர்றோம்? உன் தண்ணி என்ன, ராஜகுமாரியா? ஒரு மூடி மட்டும் லேசா கசிஞ்சிடுச்சு. கோச்சுக்காதே."

அவள் மூடியைத் திருகினாள். அடுப்பில் எரிந்த சாண வறட்டியின் புகையையும் வெண்ணெய்த் தேநீரின் உப்பு மணத்தையும் அமுக்கிக்கொண்டு, பல நாள் விளக்காத வாயை யாரோ முகத்துக்கு நேரே திறந்ததுபோல ஒரு வாடை எழுந்து, அவள் நாக்கில் வந்து படிந்தது. வடிதாளில் ஊற்றினாள். தண்ணீர் இறங்கவில்லை. கொழகொழவென்று வெளுத்த ஏடு ஒன்று மேலே நின்றது. விரலை அருகே கொண்டுபோனபோது, அது விரலை நோக்கி மெல்ல நகர்ந்து வந்தது.

கையை இழுத்துக்கொண்டாள்.

இந்த ஆற்றில் எது வாழலாம் என்று தீர்மானிப்பது குளிர். பத்து வருடமாக அவள் எழுதி வருவதே அதைத்தான். குளிரைத் தாங்குகிறவை பெருகும். சூடு கேட்பவை ஒன்றிரண்டாக, பட்டினியாக, பேசாமல் காத்துக் கிடக்கும். மூன்று நாள். மனித உடம்பின் சூடு. வியர்வையின் உப்பு.

"அங்கியை அவிழ்டா."

"கல்யாணம் ஆகாத பையனைப் பார்த்து..." சிரிக்க ஆரம்பித்தவன் நெஞ்சைச் சொறிந்தான். சதசதவென்று ஈரச் சத்தம். "துணி ஒட்டிக்கிச்சு, அச்சே. வர மாட்டேங்குது."

அவள் இழுத்தாள். நூல் நூலாக வந்தது. கழுத்தெலும்பிலிருந்து தொப்புள்வரை அதே வெளுத்த ஏடு. அடுப்புப் பக்கம் மட்டும் தடித்திருந்தது. அசைந்தது.

அவனைக் காப்பாற்ற ஒரே வழி. குளிர். கதவைத் திறந்து அவனை வெளியே தள்ளினாள்.

"அசையாம நில்லுடா! குளிர் பட்டா அது செத்துடும்!"

வெள்ளைப் பகலில் வெற்று மார்போடு நின்றான். பற்கள் தந்தியடித்தன. ஏடு சுருங்கியது. வயிறு தெரிந்தது. மார்பு தெரிந்தது. அவள் மூச்சு விட்டாள்.

ஆனால் ஒரு துளிகூடக் கீழே விழவில்லை.

மூச்சின் சூட்டைத் தேடி மேலே ஏறியது. கழுத்து. தாடை. உதடு.

பற்களின் சத்தம் நின்றது.

"இப்ப குளிரவே இல்ல, அச்சே."

சொன்னவன் வாயை மூடவில்லை. மேலுதட்டிலிருந்து கீழுதடுவரை, வெளுத்த தோல் ஒன்று இழுத்துக் கட்டியிருந்தது. உப்பியது. தாழ்ந்தது.

உப்பியது.