நான்காவது எண்

"அண்ணனோட நம்பர் எனக்கு வேணும்பா."

இந்த வீட்டில் எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்காதே என்று அம்மா அவளிடம் சொல்லிவைத்திருந்தாள். மடித்துக்கொண்டிருந்த துணி அம்மா மடியில் அப்படியே நின்றது.

வெல்டிங் பட்டறையிலிருந்து சாப்பிட வந்திருந்த அப்பா நிமிரவில்லை. "அது அவனோடது."

"அவன் போன கப்பல் முழுகி மூணு வருஷம் ஆச்சு."

"நாலு எழுத்து படிச்ச திமிரு."

"ஆமா. அந்த நாலு எழுத்துக்கு இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள ஒரு வேலை கிடைக்கணும்."

கேட்டவள் தன் அறைக்குப் போய்விட்டாள். கம்பெனி அனுப்பிய விர்ச்சுவல் மெஷின், கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர், காலையிலிருந்து இன்டர்நெட் இல்லாமல் முழித்துக்கொண்டிருந்தது. அதில்தான் வேலைக்கான தேர்வு. தன் ஃபோனை விற்று, அது ஓட கம்ப்யூட்டருக்கு ராம் மெமரி வாங்கிப் போட்டிருந்தாள். எல்லா செட்டிங்கையும் மாற்றிப் பார்த்தாயிற்று. கோளாறு ரௌட்டரில், வீட்டுக்கே இன்டர்நெட் பங்கிடும் பெட்டியில். அது எண் கொடுத்தால்தான் எதற்கும் இன்டர்நெட். அண்ணன் அமைத்துவிட்டுப் போனபடி அது நாலு எண்தான் தரும்: அப்பா ஃபோன், அம்மா ஃபோன், இந்தக் கம்ப்யூட்டர், அண்ணன் ஃபோன். கடலுக்கு அடியில் கிடக்கும் ஃபோனுக்கு இந்த வீட்டில் இடம் உண்டு. முதல்முதலாகப் பட்டம் வாங்கிய பெண்ணுக்கு இல்லை.

ரௌட்டர் பாஸ்வேர்ட் அண்ணன் பிறந்த தேதி. வேறென்ன இருக்கும். பட்டியலில் அவன் வரியை அழித்து, எண்ணை மெஷினுக்குக் கொடுத்தாள்.

ஜன்னல் திரை வெயிலில் மஞ்சளாக ஊறிக் கிடக்க, மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருமுறை முனக, சூடேறிய பிளாஸ்டிக் வாடைக்கு அடியில் நனைந்த கயிற்றின் வாடை ஒன்று மெல்லக் கிளம்பியபோது, கம்ப்யூட்டர் திரையில் ஒரு வரி எழுந்தது: இந்த எண் ஏற்கெனவே உபயோகத்தில் உள்ளது.

யார் உபயோகிக்கிறார்கள்?

விர்ச்சுவல் மெஷினை முழுதாக அணைத்தாள். இப்போது அந்த எண் யாரிடமும் இல்லை. அதைக் கூப்பிட்டுப் பார்க்கும் கட்டளையை அடித்தாள். ஆள் இருந்தால் பதில் வரும், எத்தனை மில்லிசெகண்டில் வந்தது என்பதும் வரும். வீட்டுக்குள் என்றால் ஒன்று, இரண்டு.

பதில் வந்தது. 914.

உலகத்தைச் சுற்றி வந்தாலும் இவ்வளவு ஆகாது. அடுத்தது 870. அடுத்தது 802. வாடையில் இப்போது உப்பும் டீசலும் இருந்தன.

பின்னால் அப்பா. எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

"குறையுதே. குறைஞ்சா என்ன அர்த்தம்?"

"கிட்ட வருதுன்னு அர்த்தம்." சொல்லியிருக்கக் கூடாது.

ரௌட்டர் பிளக்கை நோக்கிக் கை நீட்டினாள். தீக்காயத் தழும்பேறிய அப்பாவின் கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. கெஞ்சுகிற குரல். அவளுக்காக அவர் யாரிடமும் அப்படிக் கெஞ்சியதில்லை.

"பாதி வழியில நிக்க விடாதம்மா."

கையை உதறி, பிளக்கைப் பிடுங்கினாள். ரௌட்டர் விளக்குகள் அணைந்தன.

ஆனாலும் திரையில் 60. 31.

"அப்பா, அது அண்ணன் இல்ல."

"வந்தா தெரிஞ்சிடும்."

9. 4.

1.

பிறகு எண்ணே வரவில்லை.

கூடத்திலிருந்து அம்மாவின் குரல். "ஏங்க, பெரிய துண்டை எடுத்துட்டு வாங்க. நடுங்குறான் பாருங்க."

அப்பா துண்டோடு ஓடினார். முட்டிவலிக்காரர்.

மணி ஐந்து தாண்டியிருந்தது. தேர்வு போயிற்று. அவள் சான்றிதழ் ஃபைலை எடுத்துக்கொண்டாள். வீட்டை விட்டுப் போவது பிளக்கைப் பிடுங்கியபோதே முடிவாகியிருந்தது.

வாசலுக்குப் போகக் கூடத்தைத் தாண்டித்தான் ஆகவேண்டும்.

சோபாவில் இரண்டு பேரும். நடுவில் மெத்தை அழுந்தியிருந்தது. அம்மா தலை துவட்டிக்கொண்டிருந்தாள். துண்டுக்குள் தலை இல்லை. துண்டு தலையாக நின்றது. தரையில் கருப்புத் தண்ணீர் பரவியது.

"எப்படி இளைச்சிட்டான் பாரு," என்றாள் அம்மா, சிரிப்போடு. "உன் ரூமை இவனுக்கு ஒழிச்சுக் குடுடி."

இல்லாத ஒரு தோளை அப்பா தட்டிக்கொடுத்தார். சத்தம் கேட்டது. ஈரத்தில் தட்டும் சத்தம்.

"அம்மா. ரெண்டு பேரும் எழுந்து வாங்க."

வரவில்லை. வரமாட்டார்கள். அவளுக்குத் தெரியும்.

கதவைத் திறந்தாள். துண்டு அவள் பக்கம் திரும்பியது. வாய் இருக்கவேண்டிய இடத்தில் துணி உள்ளே குழிந்தது. புடைத்தது. குழிந்தது.

அம்மா அந்த வாயைத் துடைத்துவிட்டாள்.

மகள் ஃபைலோடு வெளியே நடந்தாள்.