புகை குடிக்கும் கம்ப்யூட்டர்

மர்பி டவுனில் சிந்துவின் வீட்டுக்கு யார் வந்தாலும், காபி வருவதற்கு முன்னால் அவள் அண்ணன் நரேஷின் கம்ப்யூட்டர் பெருமை வந்துவிடும். எல்லாம் சிந்துவின் வேலைதான்.

"இதுக்குள்ள பிராசசர்னு ஒண்ணு இருக்கு. அதுதான் மூளை. பிஸ்கட் அளவுகூட இருக்காது. கடையில இருந்ததுலயே அதுதான் மலிவு. ஆனா ஒரு நொடிக்கு முந்நூற்றைம்பது கோடி தடவை துடிக்கும்!"

"அடேங்கப்பா!" என்பார்கள் வந்தவர்கள்.

"இருங்க, இன்னும் முடியல. எங்க அண்ணன் அதை நானூறு கோடி தடவை துடிக்க வைப்பான்!"

ஆறாம் வகுப்புப் படிக்கும் சிந்து புளுகவில்லை. தயாரித்தவர்கள் வைத்த வேகத்துக்கும் மேலே பிராசசரை ஓட வைப்பதற்கு ஓவர்கிளாக்கிங் என்று பெயர். நரேஷ் மூன்று மாதமாக அதே வேலையாக இருந்தான். வேகத்தைத் துளி கூட்டுவான். அரை மணி நேரம் ஓட்டிப் பார்ப்பான். நோட்டில் எழுதுவான். மறுபடியும் துளி கூட்டுவான். சிந்துவுக்கோ குக்கர் மூன்று விசில் அடிக்கும்வரைகூடப் பொறுமை கிடையாது. அதனாலேயே அவளுக்கு அண்ணனைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும்.

வேகம் கூடினால் சூடும் கூடும். பெரிய பெரிய கம்ப்யூட்டர்களில் தண்ணீர்க் குழாய் வைத்துச் சூட்டைத் தணிப்பார்கள். நரேஷிடம் இருந்தது காற்று மட்டும்தான். முன்பக்க விசிறி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். பிராசசர்மேல் உட்கார்ந்திருக்கும் விசிறி சூட்டை விரட்டும். பின்பக்க விசிறி அதை வெளியே தள்ளும். இந்த மூன்று விசிறிகளை வைத்துக்கொண்டே, நானூறு கோடியில் ஓடும்போதும் சூடு எழுபத்திரண்டு டிகிரியைத் தாண்டாமல் நரேஷ் பார்த்துக்கொண்டான்.

அவன் படிக்கும் பாலிடெக்னிக்கில் சனிக்கிழமை போட்டி இருந்தது. மலிவு விலைப் பிராசசர்கள் மட்டும்தான் கலந்துகொள்ளலாம். காற்றைத் தவிர எதையும் வைத்துக் குளிர வைக்கக் கூடாது. பெட்டியைத் திறக்கவும் கூடாது. அரை மணி நேரம் நிற்காமல், எல்லாவற்றையும்விட வேகமாக ஓடும் கம்ப்யூட்டருக்குப் பரிசு.

போட்டிக்குச் சில நாள் முன்னால் ஆயுத பூஜை வந்தது. அம்மா தையல் மெஷினுக்குப் பொட்டு வைத்தார். "கம்ப்யூட்டருக்கு நான்தான்!" என்று சிந்து முந்திக்கொண்டாள். சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, முன்பக்கத்தில் ஒரு கனத்த சாமந்தி மாலையையும் கட்டினாள். அம்மா ஊதுபத்தி காட்டினார். புகை மேலே போகாமல் வளைந்து நெளிந்து பெட்டிக்குள் போனது.

"அம்மா, இங்க பாரும்மா! கம்ப்யூட்டர் புகையைக் குடிக்குது!"

"அப்போ அது ஓடிட்டு இருக்கா? இன்னிக்கு எந்த மெஷினையும் ஓட்டக் கூடாதுன்னு சொன்னேன்ல, நரேஷ்?"

"அஞ்சே நிமிஷம்மா" என்று நரேஷ் அசடு வழிந்தான். அந்த ஐந்து நிமிஷம் சாயங்காலம்வரை நீண்டது.

மறுநாள் மாலையைக் கழற்றினார்கள். அன்றைக்கே தொல்லையும் ஆரம்பித்தது. நானூறு கோடிக்குப் போன பத்தாவது நிமிஷம் சூடு தொண்ணூற்றைந்தைத் தொட்டது. பட்டென்று கம்ப்யூட்டர் தானாக அணைந்துவிட்டது.

நரேஷ் பெட்டியின் பக்கவாட்டு மூடியைத் திறந்தான். பிராசசர்மேல் இருந்த, சூட்டைக் கடத்தும் பழைய பசையைத் துடைத்துப் புதிதாகப் பூசினான். அதன் விசிறியைக் கழற்றித் திரும்ப மாட்டினான். உள்ளே எல்லாம் பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால் பெட்டியை மூடினால் மறுபடியும் சூடு ஏறியது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் நோட்டை மூடி வைத்தான்.

"போதும் சிந்து. பாவம், சின்னப் பிராசசர். நான்தான் அதை ரொம்ப விரட்டிட்டேன். நாளைக்கு நான் போகல."

மூன்று மாத உழைப்பு அந்த நோட்டில் இருந்தது. சிந்து கம்ப்யூட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அம்மா விளக்கேற்றிவிட்டு ஊதுபத்தியோடு வந்தார். சாமி படங்களுக்குக் காட்டினார். தையல் மெஷினுக்குக் காட்டினார். கம்ப்யூட்டருக்கும் காட்டினார். புகை நேராக மேலே போனது.

சிந்து நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அண்ணா, கம்ப்யூட்டர் ஓடுதா?"

"ஓடுது. பழைய வேகத்துல."

"அப்போ அது ஏன் புகையைக் குடிக்கல?"

அம்மாவின் கையிலிருந்து ஊதுபத்தியை வாங்கி, பெட்டியின் முன்பக்கத்தில் மேலிருந்து கீழே மெதுவாகக் காட்டினாள். புகை கொஞ்சம்கூட உள்ளே வளையவில்லை.

"அண்ணா, இதுக்கு மூக்கடைச்சிருக்கு!"

நரேஷ் ஓடிவந்து கம்ப்யூட்டரை அணைத்தான். முன்பக்க மூடியைப் பிடித்து இழுத்தான். உள்ளே, தூசி தடுக்கும் வலைமேல், சாமந்தி இதழ்கள் பாய் விரித்ததுபோல் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு ஊசி நுழையக்கூட இடமில்லை.

யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் சிந்துவால் சும்மா இருக்க முடியவில்லை.

"மாலை கட்டினது நான்தான் அண்ணா. அழகா இருக்கும்னு கட்டினேன்."

நரேஷ் தலையைச் சொறிந்தான். "அன்னிக்கு ஓட்டினது நான்தானே. சும்மா வெச்சிருந்தா விசிறி இதழை இழுத்திருக்காது."

"நான் அன்னிக்கே சொன்னேன்" என்றார் அம்மா. ஆனால் சிரித்துவிட்டார். மூன்று பேரும் உட்கார்ந்து பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் இதழ்களைச் சுரண்டி எடுத்தார்கள்.

சனிக்கிழமை போட்டியில் எட்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. பத்தாவது நிமிஷத்தில் ஒன்று அணைந்தது. இருபதாவது நிமிஷத்தில், கலர் கலராய் விளக்கு மின்னிய ஒன்றும் அணைந்தது. சிந்து திரையில் இருந்த சூட்டு எண்ணை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எழுபது... எழுபத்தொன்று... எழுபத்திரண்டு... அதற்குமேல் ஏறவே இல்லை. அந்தக் குட்டிப் பிராசசர் நொடிக்கு நானூறு கோடி தடவை துடித்துக்கொண்டே இருந்தது.

மணி அடித்தது. மிச்சமிருந்த ஆறில் அதைவிட வேகமாக ஒன்றும் ஓடியிருக்கவில்லை.

நடுவர் கிளாரன்ஸ் சார் பெட்டியின் பின்னால் கையை நீட்டி, வெளியே வரும் காற்றைத் தொட்டுப் பார்த்தார். சந்தனப் பொட்டைப் பார்த்தார். பிறகு நரேஷின் நோட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"சக்கத்தா, பிரமாதமா ஓட்டியிருக்கப்பா! இவ்வளவு சின்னப் பிராசசரா இது! தண்ணி இல்ல, ஐஸ் இல்ல... நிஜமாவே வெறும் காத்துதானா?"

நரேஷ் வாயைத் திறப்பதற்குள் சிந்து முந்திக்கொண்டாள்.

"வெறும் காத்துதான் சார். பூவை எல்லாம் நேத்தே எடுத்துட்டோம்!"